மாதம் ஒருநாள் கரண்டு நிறுத்துவது மாதிரி: கேபிள் அண்ணாச்சிமாருக்கு ஒரு மடல்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர் என்று நம்ம பக்கம் முழுக்க வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற கேபிள் அண்ணாச்சிமார் அனைவருக்கும்,

வணக்கம். நல்லா இருக்கியளா?

அம்பையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருக்கு என் போன் நம்பர் தெரியும். வாடிக்கையாளர் “நெட்டு ஸ்லோவா இருக்கு” என்று உங்களைக் கூப்பிட்டால், “நம்ம லைன் நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டர் கடையில காட்டுங்க” என்று என்னிடம் அனுப்பிவிடுவீர்கள். நானும் வேலை நெருக்கடியில் “இங்க ஒண்ணும் இல்ல, கேபிள்காரரைக் கூப்பிடுங்க” என்று திருப்பி அனுப்பியது உண்டு. அந்தக் கணக்கு நமக்குள் நேராகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது எழுதுவது நம் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் பார்க்காமல் கிடக்கிற ஒரு பொருளைப் பற்றி: வீட்டுச் சுவரில் ஆணியடித்து நீங்கள் மாட்டிவிட்டுப் போகிற அந்த வெள்ளை வைஃபை ரவுட்டர் பெட்டி.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு அக்கா. பரம்பரையாக அப்பளம் போடுகிற வீடு. இப்போது ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் போகிறது. போன மாசி மாதம் ஒருநாள் கடைக்கு வந்து போனை மேசைமேல் வைத்தார். “தம்பி, போனுல சீட்டாட்டம் தானா வருது. நான் ஒண்ணையும் அமுக்கல, கேட்டியளா” என்றார். போனைப் பார்த்தேன். தேவையில்லாத இரண்டு ஆப் இருந்தது, எடுத்துவிட்டேன். கடையில் வைத்து அரை மணிநேரம் பார்த்தோம், ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை மகளின் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு. அதிலும் அதே சீட்டாட்டம். கடையில் திறந்தால் இல்லை, வீட்டில் திறந்தால் வருகிறது.

இரண்டு கருவிக்கும் ஒரே நோய், அதுவும் வீட்டில் மட்டும் என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டுக்கு ஃபைபர் வயர் மொட்டைமாடி வழியாகத்தான் இறங்குகிறது. முதல்முறை இணைப்புக் கொடுக்க வந்த லைன்மேன் தம்பி, காயப்போட்டிருந்த அப்பளத்தின் மேலேயே நடந்துவிட்டாராம். பெட்டியை என்னிடம் காட்டுவதற்கு முன்னால் அக்கா இதை மூன்று தடவை சொல்லிவிட்டார். சரி, அது தனி வழக்கு.

பெட்டி டிவிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. பின்பக்கம் ஸ்டிக்கர். அதில் அச்சடித்த பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டேன், திறந்துவிட்டது. யாரும் மாற்றவே இல்லை. உள்ளே போய் டிஎன்எஸ் இருக்கிற பக்கத்தைப் பார்த்தால், உங்கள் கம்பெனியின் முகவரியும் இல்லை, நமக்குப் பழக்கமான கூகுளின் 8.8.8.8 மாதிரியும் இல்லை. நான் இதுவரை பார்த்திராத இரண்டு எண்கள்.

டிஎன்எஸ் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலை உங்கள் வாடிக்கையாளர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி. நாம் ஒரு இணையதளத்தின் பெயரை அடித்தால், அந்தப் பெயருக்கு எந்த எண் என்று கேட்டுச் சொல்கிற ஆள் அது. நெல்லை ஜங்ஷனில் இறங்கி “பெருமாள்புரம் எந்தப் பக்கம்?” என்று கேட்பது மாதிரி. கேட்கிற ஆளையே ஒருத்தன் மாற்றி நிறுத்திவிட்டால், நாம் மேலப்பாளையத்துக்குப் போய் நின்றுகொண்டு பெருமாள்புரத்தைத் தேடுவோம். அக்கா வீட்டில் நடந்தது அதுதான். போனும் சரி, லேப்டாப்பும் சரி, வழி கேட்டது அந்தப் பெட்டியிடம். பெட்டி வழி கேட்டது எவனோ ஒருத்தனிடம்.

“பேங்க் வெப்சைட்டு திறந்தா செவப்பா ஒரு பக்கம் வருமே, பாத்தியளா?” என்று மகளிடம் கேட்டேன். “ஆமா அண்ணா, ரெண்டு மூணு தடவை வந்துச்சு. கீழ ‘தொடர்க’ன்னு இருக்கும், அதை அமுக்கிட்டுப் போயிருவேன்” என்றாள். இது நிஜமான பேங்க் பக்கமாக இல்லாமல் இருக்கலாம் என்று பிரௌசர் எச்சரிப்பதுதான் அந்தச் சிவப்புப் பக்கம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, அமுக்கின பிறகு வந்த பக்கம் சரியில்லை என்று நினைத்து அவளே மூடிவிட்டிருக்கிறாள். காசு அனுப்புவது வாங்குவது எல்லாம் அக்காவின் போனில், அதுவும் சிம் கார்டு டேட்டாவில். ஒரு ரூபாயும் போகவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம்; நம் யாருடைய சாமர்த்தியமும் கிடையாது.

டிஎன்எஸ்ஸைத் திருத்தி, கடவுச்சொல்லை மாற்றி, பெட்டியை அணைத்துப் போட்டேன். சீட்டாட்டம் நின்றது. அடுத்து ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை ஓட்டுகிற உள் மென்பொருளைப் பார்த்தால் 2018 தேதி. புதுசு ஏற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று மெனுவைத் தேடினால், அப்டேட் என்கிற இடமே இல்லை. ஸ்டிக்கரில் இருக்கிற பெயரில் நுழைந்தால் பாதி வீடுதான் தெரியும். மீதி அறைகளுக்கு வேறு சாவி. அந்தச் சாவி வீட்டுக்காரரிடம் கிடையாது.

அந்த லைன் கொடுத்த அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். யார் என்று சொல்லப்போவதில்லை, நல்ல மனுஷன். “அது நம்ம கையில இல்ல தம்பி, மேல கேக்கணும்” என்றார். மேலே இருக்கிற கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போட்டால், நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, “உங்க லோக்கல் ஆபரேட்டரைத் தொடர்புகொள்ளுங்க” என்றார்கள். பெட்டியைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் தேடினேன். அந்த மாடலே அங்கே இல்லை. இன்டர்நெட் கம்பெனிக்காகத் தனியாகச் செய்துகொடுத்த மாடலாம். பொதுவில் இருக்கிற ஃபைலை எடுத்து ஏற்றினால் பெட்டி செத்துவிடும். ஆக அந்தப் பெட்டிக்கு மூன்று சொந்தக்காரர்கள். சாவி ஒருத்தரிடமும் இல்லை. அதன் பிறகுதான் இப்படிப் பொதுவில் எழுதினால் என்ன என்று தோன்றியது.

அண்ணாச்சி, நாம் பெட்டி, மோடம், வைஃபை என்று எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் உள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். மனிதர்கள் எழுதியது என்பதால் அதில் ஓட்டை இருக்கும். ஓட்டை தெரியவந்ததும், தயாரித்த கம்பெனி அடைத்துப் புதுப் பதிப்பு வெளியிடும். பெட்டியில் ஏற்றுகிற வரைக்கும் ஓட்டை ஓட்டையாகவே கிடக்கும். இதில் ஒரு விபரீதம், புதுப் பதிப்பு வெளிவந்த பிறகுதான் பழைய பெட்டிக்கு ஆபத்து கூடுகிறது. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். குளத்துக்கரையில் எந்த இடத்தில் உடைப்பு என்று ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டு, மண்ணை மட்டும் கொட்டாமல் போவது மாதிரி.

போன் பரவாயில்லை, “அப்டேட் போடு, அப்டேட் போடு” என்று நச்சரித்தே வேலையை முடித்துக்கொள்ளும். பெட்டிக்கு வாயும் இல்லை, திரையும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தால் நல்லா இருக்கு, சிவப்பு எரிந்தால் அண்ணாச்சிக்கு போன். அவ்வளவுதான் நமக்கும் அதற்கும் உள்ள உறவு. கோயிலுக்கே 12 வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்கிறோம். வீரவநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த பெட்டிக்கு அந்த மரியாதையும் கிடைத்திருக்கவில்லை.

தயாரிக்கிறவர்களும் யோக்கியர்கள் இல்லை. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2020-ல் வீட்டு ரவுட்டர்கள் 127-ன் ஃபர்ம்வேரை எடுத்துப் பிரித்துப் பார்த்தது. அதில் 46-க்கு அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வந்திருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் 2010-ல் வந்த லினக்ஸ் கெர்னலோ (லினக்ஸின் மையப் பகுதி) அதைவிடப் பழசோதான் ஓடிக்கொண்டிருந்தது. குறையே இல்லாத பெட்டி என்று ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெயர்பெற்ற கம்பெனிகளின் கதையே இது. நம் ஊரில் இணைப்போடு இலவசமாகத் தருகிற பெட்டிகள் இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

“நம்ம ஊரு வீட்டுப் பெட்டியை எவன் தேடி வரப்போறான்?” என்று நீங்கள் கேட்பீர்கள். என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறீர்கள். யாரும் தேடி வருவதில்லை, உண்மைதான். இது தெருவில் நடந்துபோகிறவன் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்க்கிற கதை. அதுவும் ஆள் நடப்பதில்லை, ஒரு புரோகிராம் நடக்கிறது. ராத்திரி பகல் பார்க்காது. கல்லிடைக்குறிச்சி எது, கலிஃபோர்னியா எது என்றும் அதற்குத் தெரியாது.

2016-ல் மிராய் என்று ஒரு மால்வேர், அதாவது கெடுதல் செய்கிற புரோகிராம், வந்தது ஞாபகம் இருக்கலாம். அதில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. கம்பெனி போட்டுக்கொடுத்த பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம் ஒரு பட்டியலாக இருந்தது. கண்ணில் படுகிற கேமரா, ரவுட்டர் எல்லாவற்றிலும் அந்தப் பட்டியலை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். திறந்தால் குடியேறும். அப்படிச் சேர்த்த படையை வைத்துத்தான் அந்த வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி டைன் என்ற டிஎன்எஸ் கம்பெனியை, தாங்க முடியாத அளவு போலிக் கோரிக்கைகளை அனுப்பி அடித்தார்கள். அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் யார் என்றால், இருபது வயதை ஒட்டிய மூன்று பையன்கள். கேம் சர்வர் தொழிலில் போட்டிக்காரனை இறக்குவதற்காக ஆரம்பித்தது. எழுதின புரோகிராமை இன்டர்நெட்டில் இலவசமாகவும் போட்டுவிட்டார்கள். அப்புறம் அதை வைத்து எவன் எவனோ அடித்தான்.

அடுத்த மாதமே நடந்ததுதான் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நவம்பர் கடைசியில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேருக்கு நெட்டும் போனும் நின்றுவிட்டது. காரணம், ரவுட்டரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க இன்டர்நெட் கம்பெனிகள் வைத்திருக்கும் வாசல் இருக்கிறதே, டிஆர்-069, 7547-ஆம் போர்ட்டு, அந்த வழியாகவே மிராயின் தம்பி ஒன்று நுழையப் பார்த்தது. உள்ளே நுழைய முடியவில்லை, ஆனால் தட்டின தட்டிலேயே பெட்டிகள் மயங்கி விழுந்துவிட்டன. கம்பெனி அவசரமாகப் புது ஃபர்ம்வேர் ஏற்பாடு செய்து, “பெட்டியைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுப் போடுங்கள்” என்று ஊருக்கெல்லாம் சொன்னது. எந்த வாசல் வழியாக வியாதி வந்ததோ அதே மாதிரி வாசல் வழியாகத்தான் மருந்தும் போக வேண்டும். அந்த வாசல் உங்கள் தொழிலில்தான் இருக்கிறது, என் கடையில் இல்லை.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஜூலையில் பல மாநிலங்களில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. கம்பெனி போட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்த மோடம்களுக்குள் மால்வேர் புகுந்துவிட்டது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று அப்போது வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். செய்தி பேப்பரில் வந்தது, படித்தோம், மடித்து வைத்தோம்.

அதற்குப் பிந்தைய கதை இன்னும் மோசம். 2024 ஜனவரி கடைசியில் அமெரிக்க நீதித் துறை ஒரு தகவலை வெளியிட்டது. சீன அரசு ஆதரவுள்ள ஒரு கூட்டம் நூற்றுக்கணக்கான சின்ன அலுவலக, வீட்டு ரவுட்டர்களைப் பிடித்து, அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முக்கியமான கட்டமைப்புகளை நோட்டம் பார்த்ததாகச் சொன்னது. அதில் பெரும்பாலானவை சிஸ்கோ, நெட்கியர் தயாரித்த பழைய மாடல்கள். கம்பெனியே “இனிமேல் இதற்கு அப்டேட் கிடையாது” என்று கைவிட்டவை. கோர்ட் உத்தரவு வாங்கி அந்த மால்வேரை அழித்தார்கள். ஆனால் ஓட்டை அப்படியே இருந்ததால், மறுபடி தொற்ற வழி இருக்கிறது, பழைய பெட்டியை மாற்றுங்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதுதான் இதில் பெரிய சங்கடம்: பெட்டி இன்னொருத்தனுக்கு வேலை செய்துகொண்டே நமக்கும் நெட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

உங்களில் விவரமான ஒருவர் சொன்னார், “நம்ம நெட்வொர்க்குல யாருக்கும் தனி ஐபி முகவரி கிடையாது தம்பி. நூத்துக்கணக்கான வீடு ஒரே முகவரிக்குப் பின்னாலதான் இருக்கு. வெளியில இருந்து எவனும் வர முடியாது.” பாதி சரி. வெளியிலிருந்து நேராகத் தட்டுவது கஷ்டம்தான். ஆனால் உள்ளே ஒரு வீட்டில் புகுந்துவிட்டால்? உங்கள் நெட்வொர்க்கில் வீட்டுக்கு வீடு தடுப்பு போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். தடுப்பு இருந்தாலும் இன்னொரு வழி உண்டு. வீட்டில் யாராவது ஒரு மோசமான பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கமே பிரௌசர் வழியாகப் பெட்டியின் உள்முகவரியான 192.168.1.1-க்குப் போய், ஸ்டிக்கர் கடவுச்சொல்லைப் போட்டு டிஎன்எஸ்ஸை மாற்றிவிடும். அக்கா வீட்டில் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

அந்த ஒரே முகவரி விஷயத்தில் இன்னொன்று. தெருவில் நாலு பெட்டி கெட்டுப்போய்க் குப்பை அனுப்ப ஆரம்பித்தால் கெட்ட பெயர் அந்த முகவரிக்குத்தான். அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் “நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்” என்று வரும். டிராஃபிக் லைட் எது, சைக்கிள் எது என்று படம் பார்த்துச் சொல்ல வேண்டும். “என்ன அண்ணே, எதைத் திறந்தாலும் பரீட்சை வைக்குது?” என்று ஒரு காலேஜ் பையன் என் கடையில் வந்து புலம்பினான். யார் வீட்டுப் பெட்டி என்று நான் எங்கே போய்த் தேட? உங்களால் முடியும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2017-லிருந்து நடத்துகிற சைபர் ஸ்வச்தா கேந்திரா, தொற்றுள்ள முகவரிகளை இன்டர்நெட் கம்பெனிகளுக்குச் சொல்கிறது. உங்களுக்கு மேலே இருப்பவர்களிடம் அந்தத் தகவல் வருகிறதா, வந்தால் கீழே இறங்குகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, குறை சொன்னது போதும். உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். மாதக் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியும். ஜேசிபி ஒரு வெட்டு வெட்டினால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழிக்குள் உட்கார்ந்து ஃபைபரை ஒட்டுவது நீங்கள். அணில் கடித்த வயருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்து வடிந்த பிறகு, வண்ணார்பேட்டையிலும் சிந்துபூந்துறையிலும் சேறு காய்வதற்குள் லைன் இழுத்தவர்களை நான் பார்த்தேன். சொந்த வீட்டில் தண்ணீர் நின்றபோது அடுத்தவன் வீட்டுக்கு நெட்டுக் கொடுத்த ஆட்கள் உங்களில் உண்டு.

ஆனால் அதே வெள்ளத்துக்குப் பிறகு நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த பெட்டிகளுக்குப் பதிலாக வேறு வீடுகளில் கழற்றி வைத்திருந்த பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அவசரத்துக்கு அது சரிதான். ஒரு வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது முந்தைய வீட்டுக்காரரின் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே உள்ளே இருந்தது. ரீசெட்கூடச் செய்யவில்லை. பெட்டியில் இருக்கிற ரீசெட் ஓட்டையில் ஒரு குண்டூசியைப் பத்து விநாடி அழுத்தியிருந்தால் போயிருக்கும்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. மின்வாரியத்தைப் பாருங்கள். பராமரிப்புப் பணி இருந்தால் முந்தின நாளே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள்: நாளை காலை 9 மணி முதல் இன்னின்ன ஊருக்கு மின்சாரம் இருக்காது. ஊரே அதற்குப் பழகிவிட்டது. முந்தின ராத்திரியே மாவாட்டி, தொட்டியில் தண்ணீர் ஏற்றி, போனுக்குச் சார்ஜ் போட்டுவிடுகிறோம். ஒருத்தரும் சண்டைக்குப் போவதில்லை. மரக்கிளையை வெட்டுகிறார்கள், இன்சுலேட்டரைத் துடைக்கிறார்கள், நல்லதுக்குத்தான் என்று தெரியும். நீங்களும் அப்படி ஒரு நாள் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வாட்ஸ்அப் குரூப்பில் பில் கட்டச் சொல்லி மெசேஜ் போடுகிறீர்கள் இல்லையா, அதே குரூப்பில் “இன்று இரவு 2 மணி முதல் 4 மணி வரை பெட்டிகளுக்கு அப்டேட், பத்து நிமிடம் நெட் நின்று வரும், சுவிட்சை அணைக்காதீர்கள்” என்று ஒரு வரி. நம் ஊரில் அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் ஐடி கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள்தான். அவர்களுக்கு முன்கூட்டியே சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

“அப்டேட் போடும்போது கரண்டு போனா பெட்டி செத்துருமே” என்பது நியாயமான பயம். ஃபர்ம்வேரை எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் மின்சாரம் நின்றால், சில பெட்டிகள் அதன்பிறகு எழுந்திருக்காது; செங்கல்தான். புது மாடல்கள் பலவற்றில் பழைய பதிப்பு தனியாக ஓர் ஓரத்தில் இருக்கும், புதுசு கெட்டால் பழசில் எழுந்துகொள்ளும். எல்லாவற்றிலும் அது இருக்கிறதென்று சொல்ல முடியாது. அதனால் ஆடிக் காத்து நேரத்தில் வைக்காதீர்கள். தென்னமட்டை வயரில் விழுந்து அரை மணிக்கு ஒருதரம் கரண்டு போய்ப் போய் வரும் காலம் அது. தை, மாசியில் வையுங்கள். ஆன்லைன் வகுப்புக் காலத்தில் நிறைய வீடுகளில் பெட்டிக்கு மினி யூபிஎஸ் வாங்கிப் போட்டார்கள். முதலில் அந்த வீடுகளிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் சொந்த வீட்டில், அப்புறம் உங்கள் லைன்மேன்கள் வீட்டில். நாலு நாள் ஒழுங்காக ஓடினால் ஒரு தெரு. அதுவும் ஒழுங்காக இருந்தால் ஊர். மொத்தமாக ஒரே ராத்திரியில் ஊர் முழுக்கத் தள்ளிவிட்டுக் காலையில் என் கடை வாசலில் கூட்டம் கூட்டிவிடாதீர்கள்.

கடவுச்சொல் விஷயம் அதைவிடச் சுலபம். புது இணைப்புக் கொடுக்கும்போது வைஃபை கடவுச்சொல்லாக வாடிக்கையாளரின் செல் நம்பரைப் போடுகிறீர்கள். வீட்டுக்கு வருகிற பால்காரர் முதல் எல்லாரிடமும் அந்த நம்பர் இருக்கும். பெட்டிக்குள் நுழைகிற கடவுச்சொல்லோ எல்லா வீட்டுக்கும் ஒன்றே. லைன்மேனுக்கு ஞாபகம் வைக்கச் சுலபம் என்பது சரி. ஆனால் வேலையை விட்டுப்போன லைன்மேனுக்கும் ஞாபகம் இருக்குமே? வீட்டுக்கு ஒன்று போட்டு, உங்கள் அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். வாடிக்கையாளருக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுங்கள். காலண்டர் பின்னால் ஒட்டிக்கொள்ளட்டும். திருடன் காலண்டரைப் பார்க்க வருவதில்லை, வாசலுக்கு வெளியே இருந்துதான் வருகிறான்.

தூரத்திலிருந்து பெட்டிக்குள் நுழைகிற வாசல் தேவையில்லாமல் இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்து கிடந்தால் மூடிவிடுங்கள். உங்கள் சர்வர் ஒன்றுக்கு மட்டும் திறந்திருந்தால் போதும். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பெட்டி வாங்கும்போது. மொத்தமாக நூறு இருநூறு பெட்டி எடுக்கிறீர்கள். விலை கேட்கிறீர்கள், ஆன்டெனா எத்தனை என்று கேட்கிறீர்கள். “இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்?” என்று யாராவது கேட்டதுண்டா? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-லிருந்து இது சட்டம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்கக் கூடாது. எத்தனை நாள் வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் வைஃபை ரவுட்டருக்குப் பாதுகாப்பு முத்திரை இல்லாமல் விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் கொண்டுவந்த சட்டத்தின் முக்கியமான பகுதிகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வருகின்றன. அதன்படி பொதுவாக ஐந்து வருஷமாவது அப்டேட் தர வேண்டும். நம் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் பெங்களூரில் இருக்கிற தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையமும் வைஃபை பெட்டிகளுக்கான பாதுகாப்புத் தேவைகளை வகுத்திருக்கிறது. ஆக இது நான் கடையில் உட்கார்ந்து கண்டுபிடித்த ஆசை கிடையாது. நீங்கள் ஒருத்தர் கேட்டால் விற்கிறவன் சிரிப்பான். அம்பையிலிருந்து வள்ளியூர் வரை நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பான்.

மேலே இருக்கிற கம்பெனியிடமும் அப்படித்தான். “நம்ம கையில இல்ல” என்பது உண்மை என்றால், யார் கையில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்டேட் அவர்கள் தள்ளுவார்களா, நீங்கள் போட வேண்டுமா, எந்த மாடலுக்குக் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது. ஒரு பக்கத் தாள்தான். அதை உங்கள் அலுவலகச் சுவரில், சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வையுங்கள். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். போன் போட்டு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

சொந்தமாகக் கடையில் ரவுட்டர் வாங்கி உங்கள் பெட்டிக்குப் பின்னால் மாட்டியிருப்பவர்களும் உண்டு. அவர்கள் வேலை அவர்கள் கையில்: ஆப்பில் தானாக அப்டேட் ஆகிற வசதி இருந்தால் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருக்கிற மாடலும் வெர்ஷன் எண்ணும் பார்த்து அந்தக் கம்பெனியின் தளத்தில் மட்டும் ஃபைல் எடுக்க வேண்டும். ஒரே மாடலில் வெர்ஷன் ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஃபைல் வேறு. தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டுவரட்டும், பார்த்துக்கொடுக்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. புலம்பலோடு கொண்டுவந்தால்தான் காசு.

அப்பளக்கார அக்கா வீட்டுப் பெட்டியில் இன்றைக்கும் அதே 2018 ஃபர்ம்வேர்தான் ஓடுகிறது. டிஎன்எஸ் சரியாக இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருநாள் மகள் பார்த்து எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறாள். அந்தப் பெட்டியைப் புதுப்பிக்க முடியாது என்றால் மாற்றிக்கொடுங்கள். எந்த வீடு என்று அந்த அண்ணாச்சிக்குத் தெரியும். லைன்மேன் தம்பியைச் சாயங்காலம் 5 மணிக்கு மேல் அனுப்புங்கள். அதற்கு முன்னால் மொட்டைமாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
அம்பையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன்